மேலாண்மைப் பாடத்தில் திருக்குறள்: பொருத்திக் காட்டும் வாசிப்பின் எல்லைகள்

ஆய்வுச் சுருக்கம்

வணிக நிருவாகவியல் இளநிலைப் பட்டப்படிப்பின் பரவலோடு, திருக்குறளை மேலாண்மை நூலாகக் காணும் கட்டுரைகளும் தமிழாய்வில் பெருகியுள்ளன. இவற்றுள் பெரும்பான்மை, மேலைக் கோட்பாட்டாளர் வகுத்த தலைப்புகளுக்குக் குறட்பாக்களை இணைத்துக் காட்டும் அளவில் நின்றுவிடுகின்றன. 501, 517ஆம் குறள்கள், அமைச்சு பற்றிய அதிகாரங்கள், 'ஊதியம்' என்னும் சொல், வணிகரை நேரே குறிக்கும் 120ஆம் குறள் ஆகியவற்றை முன்வைத்து அவ்வாசிப்பு முறையை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. இரு நூல்களும் முரண்படும் இடங்களே மாணவர்க்கு மிகுந்த பயன் தருவன என்பது இதன் வாதம்.

குறிச்சொற்கள்: திருக்குறள், வணிக மேலாண்மை, பரிமேலழகர், டெய்லர், பொருட்பால், மேலாள், ஊதியம், நடுவுநிலைமை

முன்னுரை

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் வணிக நிருவாகவியலை முதன்மைப் பாடமாகக் கொண்டு பி.பி.ஏ. பயிலும் மாணவர், பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் பகுதி மூன்றில் தம் துறைப் பாடங்களும் படிக்கிறார். தமிழ் வகுப்பில் திருக்குறளின் சில அதிகாரங்கள் அவருக்கு அறிமுகமாகின்றன. அடுத்த மணி நேரத்தில் 'மேலாண்மைக் கோட்பாடுகள்' வகுப்பில் டெய்லரும் ஃபயோலும் அறிமுகமாகின்றனர். இவ்விரு வகுப்புகளுக்கும் இடையில் பாலமாக எழுந்தவையே 'திருக்குறளில் மேலாண்மைச் சிந்தனைகள்', 'வள்ளுவர் காட்டும் தலைமைப் பண்புகள்', 'திருக்குறளில் மனிதவள மேம்பாடு' என்பன போன்ற தலைப்புகளில் கருத்தரங்கத் தொகுப்புகளிலும் ஆய்விதழ்களிலும் தொடர்ந்து வெளிவரும் கட்டுரைகள்.

இக்கட்டுரைகள் எழுந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. துறைப் பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நிகழும் படிப்பில், தமிழ் மதிப்பெண்ணுக்குரிய சடங்காகச் சுருங்கிப்போகும் நிலை உள்ளது. மாணவரின் துறைக்கும் தமிழிலக்கியத்துக்கும் தொடர்பு காட்டுவது அச்சுருக்கத்தை எதிர்க்கும் முயற்சி. ஆதலின் குறை முயற்சியில் இல்லை, முயற்சி மேற்கொண்ட முறையில்தான் உள்ளது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை இந்திய அறிவு மரபுகளைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வலியுறுத்துகிறது. 2024–25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வரம்பிற்குள் வந்துள்ளது. இச்சூழலில் பழந்தமிழ் நூல்கள் மேலாண்மைப் பாடத்துக்குள் நுழையும் வாய்ப்பு முன்னினும் மிகுதி. எவ்வாறு நுழையப் போகின்றன என்பதை இப்போதே கேட்டாக வேண்டும்.

அட்டவணை முறை

இவ்வகைக் கட்டுரைகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் என்னும் ஐந்து செயற்பாடுகள் முதலில் வரையறுக்கப்படுகின்றன. இப்பகுப்பு கூண்ட்ஸ், ஓ'டானல் இருவரும் 1955இல் வெளியிட்ட பாடநூலின் வழியே உலகெங்கும் வகுப்பறைகளுக்குப் பரவியது. பின்னர் ஒவ்வொன்றின் கீழும் ஓர் அதிகாரம் வைக்கப்படுகிறது. திட்டமிடலுக்குத் தெரிந்து செயல்வகை, பணியமர்த்தலுக்குத் தெரிந்து வினையாடல், காலமேலாண்மைக்குக் காலமறிதல், ஊக்குவித்தலுக்கு ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை என்று அட்டவணை நிறைகிறது. மேலை அறிஞர் இருபதாம் நூற்றாண்டில் கூறியதை வள்ளுவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டார் என்னும் தொடரோடு கட்டுரை நிறைவுறுகிறது.

இத்தொடர் வள்ளுவரை உயர்த்துவது போலத் தோன்றும். உண்மையில் அளவுகோல் கூண்ட்ஸ் கையில் இருக்கிறது. அவருடைய தலைப்புகளே கேள்விகள். குறட்பாக்கள் அக்கேள்விகளுக்கு மேற்கோள்கள். அட்டவணையில் இடம்பெறாத அதிகாரங்கள் பொருளற்றவையாக ஒதுங்கிவிடுகின்றன. கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, நல்குரவு, இரவச்சம் ஆகியவற்றை மேலாண்மைக் கட்டுரைகள் தொடுவது அரிது. ஆனால் இவை அனைத்தும் பொருட்பாலைச் சேர்ந்தவையே. துன்பம் பொறுக்கமாட்டாது குடிகள் சிந்தும் கண்ணீரே ஆள்வோன் செல்வத்தைத் தேய்க்கும் படையாகும் என்னும் கருத்து (555) நிறுவன நிருவாகத்துக்குத் தொடர்பற்றது என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஐந்து செயற்பாடுகளுள் எதன்கீழும் அடங்காமையால் மட்டுமே அது விடுபடுகிறது.

மேலாண்மைக் கோட்பாடுகளும் காலமும் இடமும் அற்ற பொதுவுண்மைகள் அல்ல. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1881இல் வார்ட்டன் பள்ளியை நிறுவப் பொருள் தந்தவர் உலோகத் தொழிலதிபர் ஒருவர். ஹென்றி ஃபயோல், திவாலாகும் நிலையிலிருந்த பிரெஞ்சுச் சுரங்க, உருக்கு நிறுவனத்தின் தலைமையை 1888இல் ஏற்று அதை மீட்ட பொறியாளர்; அவ்வனுபவத்தின் பிழிவே 1916இல் வெளிவந்த அவருடைய 14 கொள்கைகள். இந்தியாவில் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் மேலாண்மைக் கழகங்கள் தோன்றியபோது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாடமுறையும் உடன் வந்தது. பரிமேலழகரைப் படிக்கும்போது அவர் காலத்தையும் சார்பையும் கேட்கும் தமிழாய்வாளர், ஃபயோலைப் படிக்கும்போது மட்டும் அக்கேள்வியைக் கைவிடுவது வியப்புக்குரியது. (சீனத்துச் சுன் சூவின் போர்நூலும் வணிகர் கைநூலாக இதே வகையில் மாறியிருக்கிறது என்பதால், இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த நிலை அன்று.)

517ஆம் குறளும் டெய்லரின் தொழிலாளியும்

மேலாண்மைக் கட்டுரைகளில் மிகுதியாக எடுத்தாளப்படும் குறள் 517 எனலாம். செயலையும் கருவியையும் செய்வானையும் ஆராய்ந்து, பின் அச்செயலை அவனிடத்தே விட்டுவிடுக என்பது அதன் கருத்து. இதனை டெய்லர் 1911இல் வெளியிட்ட 'அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்' நூலில் வரும் தொழிலாளரைத் தேர்ந்தெடுக்கும் கொள்கையோடு இணைப்பது வழக்கம். தகுதியானவனைத் தகுதியான பணியில் அமர்த்துதல் என்ற ஒரு தொடரில் இருவரும் ஒன்றாகிவிடுகின்றனர்.

டெய்லரின் நூலைத் திறந்து அவர் தரும் எடுத்துக்காட்டைப் படித்தால் இவ்விணைப்பு நிற்பதில்லை. பெத்லகேம் எஃகு நிறுவனத்தில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து வண்டியில் ஏற்றும் வேலை. ஒருவர் நாளொன்றுக்கு ஏற்றிய அளவு சராசரி 12½ டன். 'ஷ்மிட்' என்ற புனைபெயரால் டெய்லர் குறிக்கும் தொழிலாளி தேர்ந்தெடுக்கப்பட்டு, 47½ டன் ஏற்ற வைக்கப்படுகிறார். கூலி நாளொன்றுக்கு 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்கிறது. உழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகவும் கூலி ஏறத்தாழ 60 விழுக்காடும் கூடின. கட்டியைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும், மறுமொழி கூடாது. கையில் கடிகாரத்துடன் ஒருவர் நின்று ஆணையிடுகிறார். இவ்வேலைக்குத் தகுந்தவன் அதன் அறிவியலைத் தானே உணர இயலாத மந்தபுத்தியினனாக இருக்க வேண்டும் என்றும் டெய்லர் ஒளிவின்றி எழுதுகிறார். இக்கதையின் விவரங்களே ஐயத்துக்குரியவை என்று ரெகி, பெரோனி என்னும் ஆய்வாளர் இருவர் 1974இல் காட்டினர். ஆயினும் டெய்லர் தம் கொள்கையை விளக்கத் தாமே தேர்ந்த கதை என்ற அளவில் அதன் முதன்மை குறையவில்லை.

டெய்லரின் தேர்வு, தேர்ந்தெடுக்கப்பட்டவனிடமிருந்து எண்ணும் உரிமையை எடுத்துத் திட்டமிடும் பிரிவிடம் கொடுப்பதில் முடிகிறது. 517ஆம் குறளின் தேர்வோ செயலை அவனிடமே ஒப்படைப்பதில் முடிகிறது. குறளின் இறுதிச் சொல் விடுதலைக் குறிப்பது. பரிமேலழகர் இவ்விடத்துக் கருவி என்பதற்குத் துணைவரும் பொருளும் எனக் கொண்டு, விடுதல் என்பதை அவனை அச்செயலுக்கு உரியவனாக்குதல் என விளக்குகிறார். அடுத்த குறள் (518) அவ்வுரிமையையே பொருளாகக் கொண்டது. அதற்கடுத்தது (519), செயலில் முனைந்து நிற்பவன் உறவின் உரிமையோடு ஒழுகுவதைத் தவறாக எண்ணும் ஆள்வோனை விட்டுத் திருமகள் நீங்குவாள் என்கிறது. ஆணையிடுபவனுக்கும் ஆணை ஏற்பவனுக்கும் இடையிலான தொலைவை ஒழுங்கின் அடிப்படையாகக் கொள்ளும் டெய்லரின் தொழிற்கூடத்தில் இக்குறளுக்கு இடமில்லை.

ஆயினும் இவ்வதிகாரம் முழு விடுதலையைப் பேசுவதாகக் கொள்வதும் பிழையாகும். அதன் இறுதிக் குறள் (520), செயல்செய்வோன் கோணாதிருந்தால் உலகம் கோணாது. ஆதலால் மன்னன் அவனை நாள்தோறும் ஆராய்க என்கிறது. 514ஆம் குறள் இன்னும் கூர்மையானது: எவ்வகையால் ஆராய்ந்து தெளிந்தாலும், செயலில் அமர்ந்த பின் அச்செயலின் தன்மையால் வேறுபடும் மாந்தர் பலர் என்கிறது. பதவி மனிதனை மாற்றும் என்பதால், தேர்வு எவ்வளவு நுட்பமானதாயினும் முடிந்த முடிபு ஆவதில்லை. விடுக என்ற கட்டளையும் நாள்தோறும் நாடுக என்ற கட்டளையும் ஒரே அதிகாரத்தில் மூன்று குறள் இடைவெளியில் நிற்கின்றன. அதிகாரப் பகிர்வையும் கண்காணிப்பையும் தனித்தனி அலகுகளில் படிக்கும் பி.பி.ஏ. மாணவருக்கு, இவ்விரண்டின் முரணை ஒரே பக்கத்தில் காட்டக்கூடிய பனுவல் இது. 517ஐ மட்டும் பெயர்த்தெடுக்கும் கட்டுரை, அம்முரணை மாணவர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

தேர்வா, சோதனையா?

தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் முதற்குறள் (501) பணியமர்த்தல் என்னும் தலைப்பின்கீழ் தவறாது இடம்பெறுவது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் திறத்தால் ஒருவன் ஆராய்ந்து தெளியப்படுவான் என்பது அதன் கருத்து. நேர்மை, பொருளாசையின்மை, ஒழுக்கம், துணிவு ஆகிய நான்கு பண்புகளைப் பணியாளரிடம் தேடும் நேர்காணல் முறையாக இதனை விளக்குவது இன்றைய வழக்கம்.

பரிமேலழகர் தரும் விளக்கம் வேறு. வடநூலார் உபதை என்று வழங்கும் நான்கு சோதனைகளை அவர் இங்குப் பொருத்துகிறார். அரசனை அறமற்றவன் என்று கூறி வேறொருவனை அரியணையேற்றலாம் எனப் புரோகிதர் வழியே தூண்டிப் பார்த்தல், படைத்தலைவர் வழியே பொருள்காட்டித் தூண்டல், மகளிர் பொருட்டான ஆசைகாட்டித் தூண்டல், உயிர்க்கு அச்சம் விளைவித்துத் தூண்டல் என்பன அவை. கௌடலியரின் அர்த்தசாத்திரம் முதல் அதிகரணத்தில் அமைச்சரைச் சோதிக்கக் கூறும் முறைகளும் இவையே. அஃதாவது, இது பண்புகளின் பட்டியல் அன்று. பொய்யாகச் சூழ்ச்சி அமைத்து ஒருவனை அதில் விழுகிறானா என்று பார்க்கும் ஒற்றுமுறை.

பரிமேலழகர் வடநூல் மரபைக் குறள்மேல் ஏற்றினார் என்று கூறி இவ்வுரையை மறுப்போர் உண்டு. மறுப்பதற்கு இடமும் உண்டு. ஆனால் மேலாண்மைக் கட்டுரைகள் மறுப்பதில்லை, கடந்துபோய்விடுகின்றன. பொருட்பால் முழுவதற்கும் பரிமேலழகரின் இயல் பகுப்பையும் உரையையும் துணைக்கொண்டு, இவ்விடத்தில் மட்டும் அவரைக் கைவிடுவதற்குக் காரணம் கூறப்படுவதில்லை. பணியாளரை அவர் அறியாது சோதித்தல் முறையா என்னும் கேள்வி இன்றைய நிறுவனங்களுக்குப் புதியதன்று. கணினி வழியே பணியாளரின் ஒவ்வொரு நிமிடத்தையும் அளக்கும் மென்பொருள்கள் வந்துவிட்ட காலம் இது. உபதை பற்றிய உரையை வகுப்பில் வைத்து, அரசனுக்கு ஏற்றதாகக் கருதப்பட்ட ஒன்று நிறுவனத்துக்கும் ஏற்குமா என்று மாணவர் வாதிட்டால், மனிதவள மேலாண்மையின் நடுநரம்பை அவர்கள் தொட்டிருப்பார்கள். நான்கு நற்பண்புகளின் பட்டியல் அந்த வாதத்துக்கே இடம் தருவதில்லை.

மேலாளர் அரசரா?

இக்கட்டுரைகள் அனைத்துக்கும் அடியில் கூறப்படாத ஒரு சமன்பாடு உள்ளது: அரசன் என்ற இடத்தில் மேலாளரை வைத்தல். பொருட்பாலின் 70 அதிகாரங்களைப் பரிமேலழகர் அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 எனப் பகுப்பார். மேலாண்மை வாசிப்பு பெரிதும் அரசியலின் 25 அதிகாரங்களையே நாடுகிறது. அரசனின் மாட்சி தலைமைப் பண்பாகிறது. அவனது கல்வி அறிவு மேலாண்மையாகிறது.

இருபதாம் நூற்றாண்டுக் குழுமத்தில் மேலாளர் அரசர் அல்லர். பெர்லியும் மீன்சும் 1932இல் எழுதிய நூலில் விளக்கியவாறு, உடைமை பங்குதாரரிடமும் ஆளுகை ஊதியம் பெறும் நிருவாகியிடமும் பிரிந்து நிற்பதே இக்காலப் பெருங்குழுமத்தின் இயல்பு. மேலாளர் நியமிக்கப்படுபவர், நீக்கப்படக்கூடியவர், பிறர் பொருளைக் கையாள்பவர். குறளில் அவருக்கு நேரான இடம் அமைச்சு. அங்கவியலின் முதற் பத்து அதிகாரங்கள் (64–73) அமைச்சனையும் அவன் வினைகளையும் பற்றியவை. சொல்வன்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை ஆகிய மூன்றை மேலாண்மைக் கட்டுரைகள் எடுத்தாள்கின்றன. ஆனால் அவை அரசனுக்கன்றி அமைச்சனுக்குக் கூறப்பட்டவை என்பதைக் குறிப்பதில்லை.

இடம் மாறும்போது பொருளும் மாறுகிறது. வினைத்தூய்மை அதிகாரம் இதற்குத் தக்க சான்று. பெற்றவளின் பசியைக் காணும் நிலை வந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யற்க (656) என்பதும், வஞ்சனையால் பொருளீட்டிக் காப்பது சுடாத மண்கலத்தில் நீரை ஊற்றி வைப்பதை ஒக்கும் (660) என்பதும் அரசனுக்குக் கூறப்பட்டிருந்தால் பொதுவான அறவுரையாக நின்றிருக்கும். மேலே ஆணையிடும் ஒருவனைக் கொண்ட, பிறர்க்காகச் செயல்புரியும் ஒருவனுக்கு அவை கூறப்படும்போது, ஆணையை மறுக்க வேண்டிய நெருக்கடி உள்ளே வருகிறது. அமைச்சு அதிகாரத்தின் 638ஆம் குறள் இதனை வெளிப்படையாகவே பேசுகிறது. அறிந்தோர் சொல்லை அழித்துத் தானும் அறியாதவனாக அரசன் இருந்தாலும், அவனுக்கு உறுதியானதை எடுத்துரைப்பது அருகிலிருப்பவன் கடமை.

இந்தியக் கல்லூரிகளின் வணிக அறப் பாடத்தில் சத்யம் கணினி நிறுவனத்தின் வீழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டாகக் கற்பிக்கப்படுகிறது. கணக்குகள் பல ஆண்டுகளாகப் பெருக்கிக் காட்டப்பட்டதை அதன் தலைவரே 2009 சனவரியில் கடிதம் வழியே ஒப்புக்கொண்டார். அந்நிகழ்வு எழுப்பும் கேள்வி தலைவரின் பண்பு பற்றியது மட்டுமன்று. அருகில் இருந்தோர் எங்கே போயினர் என்பதுமாகும். பி.பி.ஏ. முடித்து வெளிவரும் மாணவருள் பெரும்பாலோர் அரசர் இடத்தில் அமரப் போவதில்லை. கிளை மேலாளராகவோ விற்பனைப் பிரிவின் உதவியாளராகவோ, அருகிருப்போர் வரிசையிலும் கடைசியில்தான் அமரப் போகின்றனர். அவர்களுக்கு இறைமாட்சியை விடவும் 638ஆம் குறளும், தீக்காய்வார் போல அகலாதும் அணுகாதும் ஒழுகச் சொல்லும் மன்னரைச் சேர்ந்தொழுதலும் நெருக்கமானவை. முன்னது உண்மையை உரைக்கச் சொல்கிறது. பின்னது எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிப்பது எளிதன்று.

'ஊதியம்' என்னும் சொல்

சொற்பொருள் மாற்றத்தைக் கருதாமை இவ்வாசிப்பின் மற்றொரு குறை. இன்றைய தமிழில் ஊதியம் என்பது சம்பளம். பணியாளர் ஊதியம், ஊதியக் குழு, ஊதிய உயர்வு என்னும் வழக்குகள் அனைத்தும் அப்பொருளிலேயே வருகின்றன. குறளில் அச்சொல் இலாபத்தைக் குறிக்கிறது. 449ஆம் குறள் முதல் இல்லாதவர்க்கு ஊதியம் இல்லை என்னும்போதும், 461ஆம் குறள் அழிவையும் ஆக்கத்தையும் பின்னர் வரும் ஊதியத்தையும் எண்ணிச் செயலில் இறங்கச் சொல்லும்போதும் பேசப்படுவது சம்பளமன்று. ஊதிய மேலாண்மைக்கு இக்குறள்களைச் சான்றாக்கினால், முதலிட்டவன் பெறும் ஆதாயத்தை உழைப்பவன் பெறும் சம்பளமாக மாற்றிப் படித்ததாகிவிடும்.

சொல் இவ்வாறு இடம்பெயர்ந்ததே ஆராயத்தக்கது. உடையவன் ஆதாயத்துக்கு இலாபம் என்ற சொல் நிலைக்க, ஊதியம் உழைப்பவன் பக்கம் நகர்ந்திருக்கிறது. கூலி என்ற சொல்லையும் இத்துடன் வைத்து நோக்கலாம். ஆள்வினையுடைமையில் (619) ஒருவனுடைய முயற்சியே அவன் உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்று கூறப்படுகிறது. ஊக்குவித்தல் என்ற தலைப்பில் இக்குறள் மிகுதியாகக் காட்டப்படுகிறது. ஆனால் இங்குக் கூலி தருவது முயற்சி, முதலாளி இல்லை. மூன்றாமவன் ஒருவன் கூலியை வரையறுக்கும் தொழிற்கூடத்தில், உழைத்தால் கூலி கிடைக்கும் என்று இக்குறளைச் சுவரில் எழுதி வைப்பது அதன் எழுவாயை மாற்றுவதாகும். ஷ்மிட்டின் முயற்சி நான்கு மடங்காயிற்று. கூலியை முடிவு செய்தது முயற்சியன்று.

இன்னொன்றும் கருதத்தக்கது. 449, 461, 463ஆம் குறள்களில் முதல், ஊதியம் என்னும் வணிகச் சொற்கள் அரசனுக்குரிய அதிகாரங்களில் ஒப்புமையாக வருகின்றன. எதிர்கால ஆதாயத்தை எண்ணிக் கைம்முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்னும் 463க்குப் பரிமேலழகர் காட்டும் எடுத்துக்காட்டு, பிறர் நிலத்தைக் கவரச் சென்று தன் நிலத்தையும் இழத்தல். வள்ளுவர் அங்காடியின் மொழியை அரசவைக்குக் கொண்டு சென்றிருக்கிறார். இன்றைய மேலாண்மை வாசிப்பு அரசவையின் மொழியை மீண்டும் அங்காடிக்குக் கொண்டுவருகிறது. இடையில் அம்மொழி எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதைக் கணக்கிடும் ஆய்வே உண்மையான ஒப்பீடு ஆகும்.

வணிகர் நிற்கும் இடம்

பொருட்பாலில் மேலாண்மையைத் தேடும் கட்டுரைகள், வள்ளுவர் வணிகரைப் பெயர் சொல்லி விளிக்கும் இடத்தைப் பெரும்பாலும் தவறவிடுகின்றன. அது பொருட்பாலில் இல்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாக (120) உள்ளது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வணிகர்க்கு நல்ல வணிகம் என்பது அதன் கருத்து. கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமலும் இருத்தல் என்று உரை விரிக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைக் காட்டும்போதும் இதே பண்பையே சிறப்பித்துரைக்கிறது. வணிகத்தை ஈட்டும் திறனின்கீழ் வையாமல், தராசுக்கோலைப் போலச் சமன் செய்யும் நடுவுநிலையின்கீழ் வைத்த அதிகார அமைப்பே ஒரு வாதம். பாடத்திட்டத்தில் வணிக அறம் கடைசிப் பருவங்களில் ஒரு தாளாக ஒதுங்கி நிற்பதோடு அதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

தமிழர் வணிக நிருவாகத்தை அறிய விரும்பும் ஆய்வாளர் திருக்குறளோடு நின்றுவிட வேண்டியதுமில்லை. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுக்கள் கல்வெட்டுகளை விட்டுச் சென்றுள்ளன. சுமத்ராவின் பாருசு அருகே கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு அவற்றுள் ஒன்று. பிற்காலத்தே பர்மா, மலாயா எங்கும் பரவிய நகரத்தார் வட்டிக்கடைகளுக்கு முழுமையான நிருவாக அமைப்பே இருந்தது. முதலாளி ஊரில் இருக்க, கடையை நடத்தும் முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசி அனுப்பப்பட்டார். பேரேடும் குறிப்பேடும் ஐந்தொகையும் கடலுக்கு அப்பாலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தன. உடைமையும் ஆளுகையும் பிரிந்து நின்ற இவ்வமைப்பைப் புரிந்துகொள்ள பெர்லி, மீன்சு வரை போக வேண்டியதில்லை.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972), 'கடலுக்கு அப்பால்' ஆகிய நாவல்களில் இக்கடைகளின் அன்றாட வாழ்வு பதிவாகியுள்ளது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலையாக அமைந்த கடையாட்களின் பேச்சும் பயமும் ஏக்கமும் அங்கு உண்டு. மேலாளர் என்ற இன்றைய சொல்லுக்கு அருகில் நிற்கும் மேலாள், முதலாளியின் கணக்குக்குக் கட்டுப்பட்டவர். தம் கீழ் உள்ள பையனுக்கோ அவரே எல்லாம். மேலாண்மை என்பதை மேல்நின்று ஆளுதல் என்று பிரித்துப் பொருளுரைக்கும் கட்டுரைகள், வழக்கில் இருந்த இச்சொல்லை நோக்கியிருந்தால் இடைநிலையின் இருமையை உணர்ந்திருக்கும். பகுதி ஒன்றுத் தமிழில் பி.பி.ஏ. மாணவருக்கென ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அமையும் கல்லூரிகளில் இவை கருதத்தக்கவை. அலுவலகத்தின் உள்வாழ்வை, அதிலும் கடைநிலைப் பணியாளரின் கண்வழியே, காட்டும் பனுவல்கள் மேலாண்மைப் பாடநூல்களில் அரிது.

120ஆம் குறளுக்கு மீண்டால், வகுப்பறைக்கு உரிய கேள்வி ஒன்று அங்கே விடையின்றிக் காத்திருக்கிறது. பிறர்க்கு உரியவற்றையும் தமவே போல் பேணுக என்னும் குறள், பண்டங்களை மனத்தில் கொண்டது. உரையாசிரியரும் கொள்ளலையும் கொடுத்தலையுமே பேசுகிறார். உழைப்பு, நாளளவுக்கும் மணியளவுக்கும் விலை குறிக்கப்பட்டு வாங்கப்படும் பண்டமாகிவிட்ட நிறுவனத்தில், 'பிற' என்பதனுள் பணியாளரின் உழைப்பும் அடங்குமா? அடங்கும் என்போர் 12½ டன்னுக்கும் 47½ டன்னுக்கும் இடைப்பட்ட கணக்கைக் குறளின் துலாக்கோலில் வைத்து நிறுக்க வேண்டும். அடங்காது என்போர், பண்டத்துக்குப் பொருந்தும் நடுவுநிலைமை அதனை ஆக்கியவனுக்கு ஏன் பொருந்தாது என்பதை உரையிலிருந்தோ மூலத்திலிருந்தோ காட்ட வேண்டும்.